அந்தச் சிரிப்பு எந்த நிமிஷத்துச் சிரிப்பு?

வாசகி எழுதியது (நீளம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்):

"தம்பி, நீங்கள் டிவியில் எடிட்டராக இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். எனக்கு ஐம்பது வயது. திருவட்டாறு பக்கம் வீட்டோடு சேர்ந்தாற்போல் தையல் கடை. வீட்டுக்காரர் மஸ்கட்டில். பகலில் மெஷின் ஓட்டும்போது போனில் பழைய காமெடி ஷோ பாடிக்கொண்டே இருக்கும். சனி, ஞாயிறு ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன், வாய்விட்டுச் சிரிப்பேன். அதில் வருகிற ஒரு பெண்ணை எனக்குச் சொந்த மகள் மாதிரி பிடிக்கும். போன மாதம் ஒரு எபிசோடில் அவளை நிறத்தையும் உடம்பையும் வைத்துக் கலாய்த்தார்கள். ஜட்ஜ் விழுந்து விழுந்து சிரித்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் ராத்திரி உறக்கம் வரவில்லை. மறுநாள் ப்ரோமோவுக்குக் கீழே அந்த ஜட்ஜைக் கண்டபடி எழுதினேன். எவனோ ஒருத்தன் என் போட்டோவை எடுத்துப் போட்டு என்னைக் கேவலமாக எழுதினான். மகன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். 'எல்லாம் ஸ்கிரிப்ட் அம்மா, சிரிப்புச் சத்தம்கூட மெஷின்ல போடுறது, நீங்க ஏன் இதுக்குப் போய் சண்டை போடுதிய' என்கிறான். அப்படியென்றால் நான் சிரித்ததெல்லாம் பொய்யா? நாம் எழுதுவதை அவர்கள் வாசிப்பார்களா? நம்ம ஊர்ப் பேச்சைக் காட்டுகிறோம் என்று சொல்லி 'ஏலே ஏலே' என்கிறார்களே, அதை யாரிடம் சொல்ல? இன்னொன்று, என் அண்ணன் மகன் நன்றாக மிமிக்ரி செய்வான். இந்த ஷோக்களுக்கு அனுப்பலாமா?"

அக்கா,

ஷோவின் பெயர், ஜட்ஜின் பெயர், அந்தப் பெண்ணின் பெயர் மூன்றையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் அந்த ஷோவில் வேலை பார்த்ததில்லை, அங்கே அன்றைக்கு என்ன நடந்தது என்று சாட்சி சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் அதே ரகத்து ஷோக்களை வெட்டி ஒட்டித்தான் கொஞ்ச வருஷம் சென்னையில் பிழைப்பு ஓடியது. இப்போது நாகர்கோவிலில் கல்யாண வீடியோ வெட்டுகிறேன் என்றாலும் பழைய தொழில் கையை விட்டுப் போகவில்லை. அதை வைத்துச் சொல்கிறேன்.

மகன் சொல்வது பாதி சரி. மெஷினில் சிரிப்புப் போடுவது நாமெல்லாம் பிறப்பதற்கு முந்தைய கதை. அமெரிக்காவில் 1950-லேயே 'ஹேங்க் மெக்கூன் ஷோ' என்ற நிகழ்ச்சியில், எதிரே ஒரு ஆள்கூட உட்காராமலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதை அடுத்து சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பதிவு இன்ஜினியர், டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள் வைத்த ஒரு பெட்டி செய்தார். ஒரு கட்டையை அமுக்கினால் பெண்கள் லேசாகச் சிரிப்பார்கள், இன்னொன்றை அமுக்கினால் கூட்டமே அதிரும். பெட்டிக்குப் பூட்டுப் போட்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாகத் தூக்கிக்கொண்டு போனார், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்துவிடக் கூடாதாம். இன்றைக்கு நம்ம சேனல்களிலும் ஒலி சேர்ப்பதுண்டு. ஆனால் நீங்கள் பார்த்த ஜட்ஜின் சிரிப்பு பெட்டிச் சிரிப்பு இல்லை, மனிதச் சிரிப்புதான். அது எப்போது சிரித்த சிரிப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஷூட்டிங் எப்படி நடக்கும் என்று சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும். காலையில் ஆர்ட்டிஸ்ட் மேக்கப்பில் இருக்கும்போதே ஆடியன்ஸ் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு கோஆர்டினேட்டர் கூட்டி வருகிற ஆட்கள், நாள் கணக்கில் சம்பளமும் சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு. ஸ்டேஜில் ஒன்றுமே நடக்காத அந்த நேரத்தில் ஃப்ளோர் மேனேஜர் மைக்கைப் பிடித்து, "லேசா கைதட்டுங்க, இப்ப பலமா, இப்ப எல்லாரும் சிரிங்க, இப்ப ஷாக் ஆகுங்க, எழுந்து நில்லுங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார், கேமரா அதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளும். இதற்கு ஸ்டாக் என்று பெயர். மூன்று மணி நேரம் கழித்து மேடையில் ஒரு ஜோக் விழும்போது நீங்கள் டிவியில் பார்க்கிற அந்தப் பச்சைச் சுடிதார்ப் பெண், காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு சிரித்த சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஜட்ஜ் சமாச்சாரம் இன்னும் நுணுக்கமானது. ஏழெட்டு கேமரா நாள் முழுக்கத் தனித்தனியாக ஓடிக்கொண்டே இருக்கும், அதில் ஒன்று ஜட்ஜ் முகத்தை விட்டு நகராது. ராத்திரி எடிட் ரூமில் டைம்லைனைத் திறக்கிறோம், ஸ்டேஜில் ஜோக் விழுகிறது, அதே நொடியில் ஜட்ஜ் கேமராவைப் பார்த்தால் மனுஷன் காலர் மைக்கைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். ஜோக் படுத்துவிட்டது. டைரக்டர் பின்னால் நின்றுகொண்டு "இங்க ஒரு ரியாக்‌ஷன் வை" என்பார். அந்த ஜட்ஜ் அன்றைக்கு எப்போது நிஜமாகச் சிரித்தார் என்று தேடுவோம். மத்தியானம் செட்டில் ஒரு பையன் வயர் தடுக்கி டீ டிரேயோடு விழுந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருப்பார். அதில் இரண்டு செகண்டை வெட்டி ஜோக்குக்குப் பக்கத்தில் வைத்து, கீழே காலையில் எடுத்த ஆடியன்ஸ் சிரிப்பைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால், தீர்ந்தது. ஒரே ஒரு சிக்கல் வரும், மேஜைமேல் இருக்கிற தண்ணீர் பாட்டில். இந்த ஷாட்டில் நிறைய இருக்கும், அந்த ஷாட்டில் பாதி இருக்கும். அதற்காக அந்த இரண்டு செகண்டைக் கொஞ்சம் ஜூம் செய்து பாட்டிலை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிடுவோம். ஜூம் செய்த படம் பக்கத்து ஷாட்டைவிட ஒரு பொடி மங்கலாகத்தான் இருக்கும். நீங்கள் தையல்காரர், ஒட்டுப்போட்ட துணியில் ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று உங்கள் கண் கண்டுபிடிக்கும். அடுத்த சனிக்கிழமை ஜட்ஜ் சிரிக்கிற ஷாட்டுகளில் பாட்டிலையும் மைக்கையும் மங்கலையும் மட்டும் பாருங்கள்.

அந்தப் பெண்ணின் நிறத்தைக் கலாய்த்தபோது ஜட்ஜ் சிரிக்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, சிரித்தும் இருக்கலாம். ஆனால் இரண்டு செகண்ட் முகத்தை வைத்து ஒரு ஆளின் மனசை எடைபோட்டு, நடு ராத்திரி உறக்கம் கெட்டு, மறுநாள் பொதுவில் வசை எழுதுகிற அளவுக்கு அது உறுதியான சாட்சி இல்லை. ப்ரோமோ இன்னும் மோசம். ப்ரோமோவைப் பல இடங்களில் வேறு டீம் வெட்டும். அவர்களுக்குக் கொடுத்த வேலையே முப்பது செகண்டில் சண்டை மூட்டுவதுதான். யாரோ எதற்கோ முறைத்த முறைப்பை வேறு யாரோ சொன்ன வசனத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஊரே அடித்துக்கொள்ளும், எபிசோடில் பார்த்தால் அந்த இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

சரி, நீங்கள் சிரித்தது பொய்யா? இல்லை. ராபர்ட் புரோவைன் என்று அமெரிக்காவில் ஒரு நரம்பியல் ஆராய்ச்சியாளர், சிரிப்பை ஆராய்ந்தே பேர் வாங்கியவர், அவர் கண்டது இது: தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனுஷன் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறான். ஜோக்கின் தரம் கொஞ்சம், பக்கத்தில் ஆள் இருப்பது நிறைய. வீட்டுக்காரர் மஸ்கட்டில், மகன் ஹெட்போனுக்குள், நீங்கள் ராத்திரி ஒன்பதரைக்கு டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள், ஜட்ஜும் ஆடியன்ஸும்தான் உங்களுக்குப் பக்கத்து ஆள். அவர்கள் சிரித்தால் வாய் தன்னால் சிரித்துவிடும், நீங்கள் யோசித்து முடிப்பதற்குள். பிறகு யோசித்தீர்கள், வலித்தது. அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. பகலில் தைக்கும்போது பழைய ஷோக்களைக் கேட்கிறீர்கள், பார்ப்பதில்லை. கண் ஊசியில் இருக்கிறது, காது மட்டும் போனில். அப்படிக் கேட்டே சிரிப்பு வந்தால் அதில் பெரும்பங்கு மேடையில் நின்று பேசியவருடையது. 'கலக்கப் போவது யாரு?' 2005-ல் தொடங்கியபோது ஷோவின் கட்டுமானமே அதுதான், ஒரு மேடை, ஒரு மைக், ஒரு ஆள், எதிரே ஜட்ஜ். சிவகார்த்திகேயன் அந்த மேடையில் ஜெயித்துத்தான் வெளியே தெரிந்தார். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும், எந்தக் குரலுக்கு எப்போது மாற வேண்டும், எல்லாம் அவர்கள் கையில். நாங்கள் நடுவில் கொஞ்சம் குறைப்போம், கைதட்டலை ஏற்றுவோம், அவ்வளவுதான். 'லொள்ளு சபா' வேறு வகை, அது எழுத்தும் நடிப்பும் சேர்ந்து படங்களைக் கிண்டல் செய்தது. சந்தானம் அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர். அதிலும் ஜோக் பேப்பரில் பிறந்து நடிகர் வாயில் முடியும்.

2019 நவம்பரில் 'குக்கு வித் கோமாளி' வந்தபோது இது மாறியது. ஒரு பக்கம் சமையல், ஒரு பக்கம் கோமாளி, பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள், அதில் பாதி அவர்களுக்கே சிரிப்பு என்று தெரியாமல் செய்தது. செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் அதுவரை சமையல் சொல்லிக் கொடுத்த முகங்கள், அவர்கள் சிரித்து உருள்வதே மக்களுக்குப் புதுசாக இருந்தது. ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த சனம் அதைக் கொண்டாடியதற்கு நான் குறை சொல்ல மாட்டேன், நானும் பார்த்தேன், இன்றைக்கும் அந்த இரண்டாவது சீசனைப் போட்டால் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் தொழில்காரனாகச் சொல்கிறேன், அந்த வகை ஷோவில் டைமிங் எடிட்டர் கைக்கு வந்துவிட்டது. ஒருவர் வெங்காயத்தைக் கீழே போடுகிறார். அதில் என்ன சிரிப்பு இருக்கிறது? அந்த நொடியில் படத்தை நிறுத்தி, முகத்தைப் பெரிசாக்கி, வடிவேலு வசனம் ஒன்றைப் போட்டு, எதிரே நிற்பவரின் முழியைக் காட்டி, அப்புறம் ஜட்ஜ் சிரிப்பதைக் காட்டினால் சிரிப்பு வருகிறது. உங்களைச் சிரிக்க வைத்தது பாதி நாங்கள்தான் அக்கா.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் புதுசில்லை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். நடு ஜாமம் தாண்டிக் கூட்டம் கண் சொக்கும்போது, பாடுகிற அண்ணாவி வீசுகோலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கதையை அப்படியே நிறுத்தி, முன் வரிசையில் தூங்கி வழிகிற பெரியவரைப் பிடித்துக்கொள்வார். குடம் அடிக்கிறவர் அதற்கு ஒரு எசப்பேச்சு போடுவார், பந்தலே எழுந்து உட்காரும். ஒரு வார்த்தை தவறி விழுந்தால் அதை வெட்டி எறிய அங்கே ஆள் கிடையாது, அந்தப் பெரியவரின் மகன் மூன்றாவது வரிசையில்தான் இருப்பான், காலையில் டீக்கடையில் பதில் சொல்ல வேண்டும். ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் இந்த மண்ணில் வளர்ந்தவர். நாடகக் கம்பெனிக்குப் போனார், சினிமாவில் கொடிகட்டிப் பறந்தார், பிற்காலத்தில் வில்லுப்பாட்டைக் கையில் எடுத்து காந்தி கதை பாடினார். எதிரே இருக்கிறவன் முகத்தைப் பார்த்தே பேச வேண்டிய கலையிலிருந்து வந்தவருக்கு, யாரைச் சிரிக்கலாம் எதுவரை சிரிக்கலாம் என்ற அளவு தன்னால் கைவரும்.

இப்போது அந்தப் பெண் விஷயம். நிறம், உடம்பு, பல், வழுக்கை, ஆண் பெண் வேஷம் கட்டுவது, இந்த ஜோக்குகள் ஏன் விடாமல் வருகின்றன தெரியுமா? கன்டென்ட் டீமில் இருக்கிறவர்களுக்கு வாரம் ஒரு எபிசோடு நிரப்ப வேண்டும். ஒரு புது சூழ்நிலை யோசித்து, அதற்குள் ஜோக் கட்டி, ஆர்ட்டிஸ்டுக்குப் பழக்கி எடுக்க நேரம் வேண்டும். எதிரே நிற்கிறவளின் நிறத்தைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட வேண்டாம். சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை. அந்த வசனம் எழுதுகிற மேஜையில் பிறந்து, ஆர்ட்டிஸ்ட் வாய்க்கு வந்து, டைரக்டர் விட்டு, எடிட்டர் வைத்து, கடைசியில் சேனலில் ஒளிபரப்புக்கு முன் பார்க்கிறவர்கள் ஓகே சொல்லி உங்கள் வீட்டுக்கு வருகிறது. இத்தனை பேர் கையைத் தாண்டியதில் நீங்கள் திட்டியது ஜட்ஜ் ஒருவரை மட்டும்.

அந்தப் பெண் அதற்குச் சம்மதித்திருப்பாளா என்று மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். சம்மதித்திருப்பாள். அவளே எழுதிக் கொடுத்திருக்கவும் கூடும், "என்னைக் கலாய்ங்க, எனக்கு ஃபுட்டேஜ் வரும்" என்று, அதாவது திரையில் தன் முகம் கூடுதல் நேரம் தெரியும் என்று, கேட்டு வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அதனால் அது சரியாகிவிடாது. புதிதாக வந்த ஆர்ட்டிஸ்ட், எபிசோடுக்கு இவ்வளவு என்று சம்பளம், அடுத்த வாரம் கூப்பிடுவார்களா என்று தெரியாது, அந்த இடத்தில் நின்றுகொண்டு "இந்த ஜோக் வேண்டாம் சார்" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் யோசியுங்கள். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதிலும் ஒரு கெத்து உண்டு, நல்ல காமெடியன்கள் எல்லாரும் செய்வதுதான். டைமிங்கும் அவள் கையில், முடிக்கிற வசனமும் அவள் வாயில் என்றால் அது அவளுடைய ஜோக். அவள் சும்மா நிற்க, நாலு பேர் சொல்ல, கேமரா அவள் முகத்தை மட்டும் காட்டினால், அதற்குப் பெயர் வேறு. அடுத்த முறை இதைப் பாருங்கள், கடைசி வசனம் யாருடையது என்று.

நாம் எழுதுவதை வாசிப்பார்களா என்று கேட்டீர்கள். ப்ரோமோவுக்குக் கீழே எழுதுவதை டிஜிட்டல் டீமில் ஒரு பையன் எண்ணுவான், வாசிக்கிறானா என்பது அவன் அன்றைக்குச் சாப்பிட்டானா என்பதைப் பொறுத்தது. நீங்கள் பாராட்டினாலும் ஒன்று, கிழித்தாலும் ஒன்று, கணக்கில் இரண்டும் ஒரு கமெண்ட். உங்களுக்குக் கீழே நாற்பது பேர் அடித்துக்கொண்டால் "இந்த ப்ரோமோ நல்லா போகுது" என்று மீட்டிங்கில் சொல்வார்கள், அடுத்த வாரமும் அதே பெண்ணை அதே மாதிரி நிறுத்துவார்கள். நிஜமாகப் பயப்படுவது வியாழக்கிழமைக்குத்தான். பார்க் என்ற அமைப்பு நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்து யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறது, வாராவாரம் வியாழக்கிழமை அந்த எண் வரும். உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் அந்த மீட்டர் இல்லை, ஆகவே நீங்கள் கோபத்தில் டிவியை அணைத்தது அவர்களுக்குத் தெரியாது.

தெரிய வைக்க ஒரு வழி உண்டு, யாரும் அதை உபயோகிப்பதில்லை. கேபிள் டிவி விதிகளில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி ஒவ்வொரு சேனலும் குறை கேட்கும் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும், அவர் பெயரும் தொடர்பு விவரமும் சேனலின் இணையதளத்தில் இருக்க வேண்டும். நீங்கள் புகார் அனுப்பினால் 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் பிடிக்கவில்லையா, சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு போகலாம். பொழுதுபோக்குச் சேனல்களுக்கு 2011 முதலே பி.சி.சி.சி. என்று ஒரு கவுன்சில் இருக்கிறது. எழுதும்போது உங்கள் மனசு எப்படிப் பட்டது என்று ஒரு பக்கம் எழுதாதீர்கள். ஷோ பெயர், தேதி, எத்தனை மணிக்கு ஒளிபரப்பானது, எந்த இடத்தில் யார் யாரை என்ன சொன்னார்கள், அது ஏன் கூடாது, ஐந்து வரி போதும். தமிழிலேயே எழுதுங்கள். ஒரு ஷோவுக்கு அப்படிப் பத்துப் புகார் முறைப்படி வந்தால் அது ஃபைலில் ஏறும், ஃபைலில் ஏறிய விஷயம் எடிட் ரூம் வரைக்கும் வரும், "அந்த மாதிரி வேண்டாம், தூக்கிடு" என்று போன் வரும். நான் அந்த போன்களை எடுத்திருக்கிறேன். கமெண்ட் பார்த்துவிட்டு அப்படி ஒரு போன் வந்து பார்த்ததில்லை.

உங்கள் போட்டோவை எடுத்துப் போட்டானே, அதை ஷோ பிரச்சினையோடு சேர்க்காதீர்கள், அது வேறு. அவனோடு பதிலுக்குப் பதில் எழுத வேண்டாம். முதலில் அந்தப் பதிவையும் அவன் கணக்கின் பெயரையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவன் அழித்துவிட்டு ஓடுவதற்குள். பிறகு அந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். நிற்கவில்லை என்றால் 1930-க்கு அழைக்கலாம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம், அல்லது நேரே நாகர்கோவிலுக்கு வந்து மாவட்ட சைபர் கிரைம் போலீசில் எழுதிக் கொடுக்கலாம். இதையெல்லாம் செய்து கொடுக்க உங்கள் வீட்டில் ஒரு இன்ஜினியர் இருக்கிறாரே, அம்மாவை வைகிற நேரத்தில் இந்த வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அவரிடம் ஒன்று கேளுங்கள், அவர் உருண்டு சிரிக்கிற ரீல்ஸில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று. எங்கள் ஷோக்களைவிட அதிகம் இருக்கும்.

எல்லாம் ஸ்கிரிப்ட் என்பதும் சரியில்லை. யார் யாரோடு ஜோடி, என்ன டாஸ்க், எந்த இடத்தில் யார் உள்ளே வருவார், இது பேப்பரில் இருக்கும். நடுவில் வருகிற கவுண்டர் பல நேரம் அந்த நொடியில் பிறந்ததுதான், ஏனென்றால் எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறவன் முகம் எடிட் ரூமில் காட்டிக் கொடுத்துவிடும்.

ஊர்ப் பேச்சு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கும் கொஞ்சம் வெறி ஏறியது. டீமில் இருப்பவர்கள் மதுரை, கோயம்புத்தூர், சென்னை. அவர்களுக்குத் திருநெல்வேலி தாண்டினால் எல்லாம் ஒன்று. நாகர்கோவில்காரன் கேரக்டர் என்றால் 'ஏலே' போட்டு, அது போதாது என்று கடைசியில் ஒரு மலையாள 'கேட்டோ'வும் ஒட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். விளவங்கோட்டுக்காரன் 'எடே' என்பான், அகஸ்தீஸ்வரத்துக்காரன் பேச்சு வேறு, கடற்கரைக்குப் போனால் குளச்சல் ஒரு மாதிரி, மணக்குடி ஒரு மாதிரி என்று எடுத்துச் சொன்னால், "யாருக்குப்பா தெரியப் போகுது, மக்கள் சிரிச்சா சரி" என்பார்கள். இதற்குப் புகார் எல்லாம் எடுபடாது அக்கா. இங்கிருந்து எழுதுகிற ஆள் இரண்டு பேர் அந்த டீமுக்குள் போனால் மாறும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அதனால் அண்ணன் மகனை அனுப்புங்கள். வயதை எழுதவில்லை. 14 வயதுக்குக் கீழே என்றால் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதிலும் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தக் கூடாது. இதைக் கேட்கிற பெற்றோரைப் பார்த்தால் டீமுக்குக் கொஞ்சம் பயம் வரும், கேளுங்கள். பெரிய பையன் என்றால் ஆடிஷன் வரட்டும் என்று காத்திருக்காமல் கொடை மேடை, சர்ச் திருவிழாக் கலை நிகழ்ச்சி, கல்லூரி ஓணம் விழா என்று கிடைக்கிற மேடையில் எல்லாம் ஏறச் சொல்லுங்கள். நமக்கு ஒரு வசதி, எல்லைக்கு அந்தப் பக்கம் மிமிக்ரிக்கு ஒரு தனி மரபே உண்டு. கொச்சி கலாபவன் ட்ரூப்பில் மேடை மேடையாக ஏறி வந்தவர்தான் ஜெயராம். இரண்டு பாஷையும் காதில் விழுந்து வளர்கிற பையனுக்கு குரல் பிடிப்பது எளிது. ஆனால் மலையாள நடிகர் குரலை மட்டும் வைத்துக்கொண்டு சென்னைக்கு வண்டி ஏறினால் அங்கே பாதிப் பேருக்குப் புரியாது, தமிழ்க் குரல்களும் வேண்டும், அதோடு யாரும் செய்யாத குரல் ஒன்றிரண்டு. ரஜினி, விஜயகாந்த் செய்கிறவர்கள் ஆடிஷன் வரிசையில் பாதிக்குமேல் நிற்பார்கள். அவன் ஊர் பஸ் கண்டக்டர், மீன் ஏலம் போடுகிறவர், பாடம் நடத்துகிற சார், இதைச் செய்தால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆடிஷனுக்குப் பணம் கேட்டால், யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், கொடுக்காதீர்கள். அது சேனல் ஆள் இல்லை. தேர்வாகி ஒப்பந்தம் கொடுத்தால் எத்தனை மாதம் வேறு சேனலுக்குப் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள், சம்பளம் எப்போது வரும், அவனை வைத்து எடுத்த கிளிப்பை வேறு எங்கெல்லாம் போடலாம், இந்த மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், புரியவில்லை என்றால் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

ஆடிஷனுக்கு வீடியோ கேட்பார்கள். பையன்கள் எல்லாரும் செய்கிற காரியம், ஆப்பில் போட்டு வெட்டி, பாட்டுச் சேர்த்து, சிரிப்புச் சத்தம் ஒட்டி, பளபளவென்று அனுப்புவது. பார்க்கிறவர் பத்து செகண்டில் மூடிவிடுவார், ஏனென்றால் அதில் தெரிவது பையன் இல்லை, ஆப்தான். மூன்று நிமிஷம், ஒரே டேக், போனை ஸ்டாண்டில் குறுக்குவாக்கில் வைத்து, பகல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நிற்கச் சொல்லுங்கள். எதிரே நீங்களும் அண்ணன் வீட்டுக்காரர்களும் உட்காருங்கள், சிரிப்பு வந்தால் சிரியுங்கள், வராவிட்டால் சும்மா இருங்கள், அவன் அதைச் சமாளிப்பதும் வீடியோவில் வரட்டும். பெயரும் ஊரும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், நடுவில் தப்பினாலும் நிறுத்த வேண்டாம்.